டயர் சொல்லும் சாட்சியம்

உங்கள் பழைய செருப்பு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பகுதி எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது? நம்மில் பலருக்கும் வெளி ஓரம்தான் முதலில் தேயும். சிலருக்கு உள் ஓரம் தேயும். வேறு சிலருக்கு ஒரு கால் செருப்பு மட்டும் விரைவில் தேய்ந்துபோகும். கடைக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்குகிறோம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே தேய்மானம்! குறை இருப்பது நடையில். செருப்பை மாற்றி என்ன பயன்?

காருக்கு நான்கு செருப்புகள். அவையும் இப்படித்தான் தேய்கின்றன. செம்மையாக ஓடும் காரில் டயரின் முகம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஏறத்தாழ ஒரே சீராகத் தேயும். ஒரு பக்கம் மட்டும் மொட்டையானால், அல்லது வட்டத்தைச் சுற்றிக் குழி குழியாகத் தேய்ந்தால், காரின் ‘நடை’ கெட்டுவிட்டது என்று பொருள். எங்கே கெட்டது, எந்த உறுப்புத் தளர்ந்தது என்பதையும் அந்தத் தேய்மானத்திலிருந்தே பெரும்பாலும் படித்துவிடலாம். படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். வாடகைக் கார் வைத்திருக்கும் ஒருவர் முன்சக்கரங்களுக்கு இரண்டு புதிய டயர்கள் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கி.மீ. ஓடுவதற்குள் இரண்டு டயர்களிலும் உள் ஓரம் வழவழவென்று ஆகிவிட்டது. வெளியே நின்று பார்த்தால் பட்டன்கள் புதிதுபோல் நிற்கின்றன. டயர் மட்டமானது என்று நினைத்து வேறு கம்பெனி டயர் மாற்றினார். மறுபடியும் அதே கதை. வீல் அலைன்மென்ட் பார்த்தார். கருவி ‘சரி’ என்று காட்டியது. ஆனாலும் தேய்மானம் நிற்கவில்லை. குற்றவாளி யார்?

அஞ்சலட்டை அளவு இடம்

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு சிறிய காரின் எடை 1000 கிலோ என்று கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 250 கிலோ சுமக்கும். டயரின் உள்ளே காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ இருந்தால், சுமையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது 111 சதுர செ.மீ. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். ஓர் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் சிறியது! காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் இந்த நான்கு அஞ்சலட்டைகள் தரையைப் பற்றும் பிடிப்பால்தான். அந்தப் பரப்பு முழுவதும் தரையில் சமமாகப் படிய வேண்டும். சக்கரம் உருளலாம், ஆனால் இழுபடக் கூடாது. இந்த இரண்டையும் காப்பதுதான் சஸ்பென்ஷன் என்னும் தாங்கல் அமைப்பின் வேலை.

அந்த அமைப்பில் என்னென்ன இருக்கின்றன? உங்கள் உடலையே நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு எலும்பின் கிண்ணத்துக்குள் தொடை எலும்பின் பந்து போன்ற தலை பொருந்தி எல்லாப் பக்கமும் திரும்புகிறதல்லவா? காரில் அதே வேலையைச் செய்வது பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, லோயர் ஆர்ம், அதில்தான் சக்கரப் பகுதியோடு சேர்கிறது. கையின் மறுமுனை காரின் உடலோடு சேரும் இடத்தில் புஷ் இருக்கும். இரும்புக் குழாய்க்குள் ரப்பரை வைத்துச் செய்த உறுப்பு அது. நம் மூட்டுகளில் குருத்தெலும்பு எப்படியோ அப்படி. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தள்ளி இழுப்பவை டை ராடுகள். அவற்றின் நுனியிலும் ஒரு சிறு பந்து மூட்டு உண்டு. இவை போகச் சுமையைத் தாங்கச் சுருள்வில்லும், ஆட்டத்தை அடக்க ஷாக் அப்ஸார்பரும் இருக்கின்றன. இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் சுருள்வில்லும் ஷாக் அப்ஸார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்திருக்கும். 1940களின் இறுதியில் ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த அமைப்பு அது.

மூட்டுகள் ஏன் தேய்கின்றன? பந்து மூட்டை மூடி ஒரு ரப்பர் உறை இருக்கும், உள்ளே கிரீஸ். உறை கிழிந்ததும் கிரீஸ் வெளியேறும், தூசியும் நீரும் உள்ளே புகும். பிறகு அந்த மூட்டு அம்மி அரைப்பதுபோல் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். புஷ்ஷின் ரப்பரோ வெயிலாலும் எண்ணெய்க் கசிவாலும் வயதாலும் வெடித்துப் போகும். சாலைப் பள்ளங்கள் இதை விரைவுபடுத்துகின்றன. ஆனால் சாலையை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கிழிந்த உறையைக் காலத்தில் கவனித்திருந்தால் மூட்டு பிழைத்திருக்கும்.

ஒரு பாகைக்கு என்ன விலை?

காரை மேலேயிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் தண்டவாளம்போல் இணையாக நிற்பது ஒரு நிலை. முன்பக்கம் ஒன்றையொன்று நெருங்கி நிற்பது மற்றொன்று. இதை டோ-இன் என்பார்கள். முன்பக்கம் விலகி நிற்பது டோ-அவுட். முதலாவதைக் கால் விரல்களை உள்நோக்கி வைத்து நடப்பதோடும், அடுத்ததை விரல்களை வெளியே விரித்து நடப்பதோடும் ஒப்பிடலாம்.

சக்கரம் ஒரு பாகை மட்டும் திரும்பி நிற்கிறது என்று கொள்வோம். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கார் நேராகத்தான் போகிறது. எனவே சக்கரம் தான் பார்க்கும் திசையில் முழுதாக உருள முடியாமல் பக்கவாட்டில் இழுபட வேண்டும். எவ்வளவு? ஒரு பாகையின் சைன் மதிப்பு 0.0175. டயர் தரையைத் தொடும் நீளம் 10 செ.மீ. என்றால், ஒவ்வொரு பட்டனும் தரையில் இருக்கும் அந்தக் கணத்தில் 1.75 மி.மீ. பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. ரப்பர் முதலில் வளைந்து கொடுக்கும். பிறகு வழுக்கித் திரும்பும். 1.95 மீட்டர் சுற்றளவுள்ள டயர் ஒரு கி.மீ. தூரத்துக்கு 500 முறைக்கு மேல் சுழலும். அப்படியானால் ஒரு கி.மீ.க்கு 90 செ.மீ. இழுபடுதல். 10,000 கி.மீ. ஓட்டத்தில் 9 கி.மீ.! ஓர் அழிப்பானை எடுத்துத் தார்ச்சாலையில் வைத்து அழுத்தி 9 கி.மீ. இழுத்துப்போனால் அதில் என்ன மிஞ்சும்?

சரி, அந்த ஒரு பாகை எங்கிருந்து வருகிறது? டை ராட் நுனி, சக்கரத்தைத் திருப்பும் ஒரு சிறு கையோடு சேர்கிறது. அந்தக் கையின் நீளம் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நுனியில் ஒரு மி.மீ. தளர்ச்சி சக்கரத்தை ஏறத்தாழ அரைப் பாகை திருப்பிவிடும். நெம்புகோல் பாடத்தில் படித்ததுதான். இரண்டு மி.மீ. ஆட்டம் போதும், நம் ஒரு பாகை வந்துவிடும்.

இப்போது வாடகைக் காருக்குத் திரும்புவோம். உள் ஓரம் மட்டும் தேய்வதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நாம் கண்ட டோ-அவுட். மற்றொன்று கேம்பர் கோளாறு. காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் சுமை உள் ஓரத்தின்மீது இறங்கும். சுருள்வில் தளர்ந்து கார் தாழ்ந்தாலோ, பால் ஜாயின்ட் தேய்ந்தாலோ, பள்ளத்தில் இடித்துத் தூண் வளைந்தாலோ இந்தச் சாய்வு வரும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கண்ணைவிட உள்ளங்கை இதில் கெட்டிக்காரத்தனமானது. கார் நிற்கும்போது, டயரில் ஆணியோ இரும்புக் கம்பியோ நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, டயரின் முகத்தில் உள்ளங்கையை மெல்ல வையுங்கள். வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு நகர்த்துங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. இரண்டு திசையிலும் வழவழப்பாக, ஆனால் ஒரு பக்கம் சரிவாக இருந்தால் கேம்பர் மீது சந்தேகப்படலாம். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரத்தைத் தொட்டதுபோல் உறுத்தினால் அது டோ கோளாறு. பக்கவாட்டில் இழுபடும் பட்டனில், இழுபடும் திசையை நோக்கிய விளிம்பு முதலில் மழுங்கும். எதிர் விளிம்பு கூராக நிற்கும். வெளியிலிருந்து உள்ளே நகர்த்தும்போது கை உறுத்தினால் டோ-அவுட். உள்ளிருந்து வெளியே வரும்போது உறுத்தினால் டோ-இன்.

நம் காரில் உறுத்தியது முதல் திசையில். ஆக, டோ-அவுட். ஆனால் கருவி ‘சரி’ என்று சொன்னதே?

இங்கேதான் வழக்கின் முடிச்சு. அலைன்மென்ட் கருவி காரை நிற்கவைத்து அளக்கிறது. நிற்கும் காரில் சக்கரத்தை இழுப்பாரும் தள்ளுவாரும் இல்லை; தளர்ந்த மூட்டு அப்படியே சாதுவாக இருக்கும். கார் ஓடத் தொடங்கியதும் கதை வேறு. பின்சக்கரங்களை எஞ்சின் சுழற்றும் காரில், உதாரணமாக 2014 இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரில், முன்சக்கரங்கள் வெறுமனே தள்ளப்படுகின்றன. சாலையின் தடை அவற்றைப் பின்னோக்கி இழுக்க, அவை வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதனால்தான் அத்தகைய கார்களில் நிற்கும்போதே சற்று டோ-இன் வைப்பார்கள், ஓடும்போது நேராகிவிடும். முன்சக்கரங்களையே எஞ்சின் சுழற்றும் இன்றைய சிறு கார்களில் சக்கரங்கள் காரை முன்னோக்கி இழுப்பதால் அவை உள்ளே குவியப் பார்க்கும். ஆகவே பலவற்றில் பூஜ்யத்துக்கு அருகில், அல்லது மிகச் சிறிது டோ-அவுட் வைப்பதுண்டு. பிரேக் போடும்போதோ எந்தக் காரானாலும் சக்கரம் பின்னோக்கி இழுபடும். மூட்டுகள் கெட்டியாக இருந்தால் இந்த அசைவுகளெல்லாம் ஒரு சிறு எல்லைக்குள் அடங்கும். புஷ் வெடித்து, டை ராட் நுனி ஆடினால் சக்கரம் விரும்பியபடி திரும்பும். கருவி அளந்த அளவுக்கும் ஓட்டத்தில் உள்ள அளவுக்கும் தொடர்பே இருக்காது. ஆடும் முக்காலியில் தராசை வைத்து முள்ளைச் சரிசெய்வதுபோன்ற வேலை அது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு பக்கத்து டை ராட் நுனி மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு முன் டயர்களுமே தேயும். ஏனென்றால் நேராகப் போக ஓட்டுநர் தம்மையறியாமல் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடிக்கிறார்; கோளாறு இரு சக்கரங்களுக்கும் பாதிப் பாதியாகப் பங்கிடப்படுகிறது.

மெக்கானிக் என்ன செய்வார்? காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துவார். (ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் எவரும் புகக் கூடாது. நீங்கள் தள்ளி நின்று பார்த்தால் போதும்.) சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்து, 9 மணி, 3 மணி இடங்களில் இரு கைகளாலும் பிடித்து ஆட்டுவார். ‘டக்’கென்ற ஆட்டம் தெரிந்தால் டை ராட் நுனியைப் பார்ப்பார். 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட்டாக இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். அப்போது ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுவார். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட். பிரேக் பிடித்ததும் சக்கரம் தன் தாங்கியோடு இறுகிவிடுகிறது. இடையிலுள்ள பேரிங்கின் தளர்ச்சி வெளிப்பட வழியில்லை. எவ்வளவு எளிய தர்க்கம் பாருங்கள்! விலை உயர்ந்த கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. புஷ்ஷை மட்டும் இப்படி ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கடப்பாரையால் நெம்பி ரப்பரின் வெடிப்பைப் பார்ப்பார்கள்.

நம் வழக்கில் ஒரு டை ராட் நுனியும் லோயர் ஆர்ம் புஷ்களும் போயிருந்தன என்று முடிப்போம். முதலில் அவற்றை மாற்ற வேண்டும். அடுத்து அலைன்மென்ட். புது டயர் கடைசியில். அந்த உரிமையாளர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தார். ஒரு டை ராட் நுனியின் விலை ஒரு டயர் விலையில் சிறு பகுதிதான்.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். உள் ஓரத் தேய்மானத்தில் உள்ள ஆபத்து வேறு: அது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகள் நீங்கலாக மற்ற மோட்டார் ஊர்திகளின் டயரில் காடியின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அதைக் காட்டவே காடிகளுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் வெளிப்பக்கக் காடியை மட்டும் பார்ப்பவருக்கு 6 மி.மீ. மிச்சம் தெரியும், உள்ளேயோ எஃகுக் கம்பி எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். மழைச் சாலையில் காடிகள்தாம் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. காடி இல்லாத இடத்தில் தண்ணீர் டயருக்கும் தரைக்கும் நடுவே ஆப்புபோல் புகுந்து டயரைத் தூக்கிவிடும். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1963 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தண்ணீர் வடிய வழியில்லாதபோது டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நாம் எடுத்துக்கொண்ட அழுத்தத்துக்கு அது மணிக்கு 90 கி.மீ.யை ஒட்டி வரும். மிதக்கும் டயருக்கு ஸ்டியரிங்கும் தெரியாது, பிரேக்கும் தெரியாது.

பால் ஜாயின்ட்டோ இன்னும் பொல்லாதது. தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பந்து கிண்ணத்திலிருந்து கழன்றுவிட்டால் சக்கரம் மடிந்து கார் சாய்ந்துவிடும். டயரின் ஓரம் அதற்குப் பல மாதங்கள் முன்பே எச்சரித்திருக்கக்கூடும்.

குழிகளின் கதை

இன்னொரு வகைத் தேய்மானம் உண்டு. டயரைச் சுற்றி வரும்போது ஓரிடம் மேடு, அடுத்த இடம் குழி, மறுபடி மேடு. கையை வட்டத்தின் வழியே ஓட்டினால் அலைபோல் தெரியும். ஓடும்போது ‘ஊம்’ என்ற முனகல் கேட்கும். வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறும். இங்கே முதல் சந்தேகம் ஷாக் அப்ஸார்பர் மீது.

ஒரு ரப்பர் பட்டையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். நெடுநேரம் மேலும் கீழும் ஆடும். அதே கல்லை ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கவைத்து ஆட்டிப் பாருங்கள். விரைவில் அடங்கிவிடும். வில் ஆற்றலைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தருமே தவிர, அதை ஒழிக்காது. ஒழிப்பது, அதாவது வெப்பமாக மாற்றுவது, தண்ணீரின் தடை. ஷாக் அப்ஸார்பருக்குள் ஒரு பிஸ்டன் சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி இதைத்தான் செய்கிறது. எண்ணெய் கசிந்துபோனால் மிஞ்சுவது வெறும் வில்.

காரின் உடல் வில்லின்மேல் வினாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை ஆடும். சக்கரமோ கனம் குறைந்தது. டயரே அதற்கு ஒரு வில்லாக இருப்பதால் அது வினாடிக்கு 10 முதல் 15 முறை துள்ளும். இப்போது கவனியுங்கள். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் நம் 1.95 மீட்டர் டயர் வினாடிக்குப் 10 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு துள்ளல்! தடுப்பார் இல்லாத சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ அதே இடத்தில் தரையைக் குத்துகிறது, வழுக்குகிறது. அங்கே குழி விழுகிறது. குறைந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று துள்ளல், அதற்கேற்பக் குழிகள். குழி விழுந்தபின் அந்தக் குழியே சக்கரத்தை உதைத்துத் துள்ளவைக்கிறது. துள்ளல் குழியை வளர்க்க, குழி துள்ளலை வளர்க்கிறது. சக்கரத்தின் எடை சமநிலையில் இல்லாவிட்டாலும் இதே வட்டம் தொடங்கிவிடும். ஆகவே மெக்கானிக் பாலன்ஸிங்கையும் சேர்த்துப் பார்ப்பார்.

நிற்கும் காரின் ஒரு மூலையை நன்றாக அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஊசலாடினால் ஷாக் அப்ஸார்பர் ஓய்ந்துவிட்டது. இச்சோதனையில் தேறிவிட்டதாலேயே அது நல்லது என்று சொல்லிவிட முடியாது. கை அழுத்தும் வேகம் சாலை உதைக்கும் வேகத்துக்கு ஈடாகாது. உறையில் எண்ணெய் ஒழுகிய தடமும் டயரில் குழிகளும் கூடவே இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

எல்லாத் தேய்மானத்துக்கும் மூட்டுகளைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். இரு ஓரங்களும் சமமாகத் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. டயர்களை அண்மையில் இடம் மாற்றிப் பூட்டினார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னே கெட்ட டயர் பின்னே போய் உட்கார்ந்துகொண்டு நிரபராதியான பின்பக்கத்தைக் காட்டிக் கொடுக்கும்.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பர் இருக்குமே, அதன் பின்புறம் நீளும் மெல்லிய கோலால் காடியின் ஆழத்தை 0.1 மி.மீ. வரை அளக்கலாம். ஆசிரியரிடம் கேட்டு, பள்ளி வளாகத்தில் நிற்கும் ஏதேனும் ஒரு காரை, உரிமையாளர் இசைந்தால், எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்று, கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு டயரிலும் உள் காடி, நடுக்காடி, வெளிக்காடி மூன்றையும் அளந்து எழுதுங்கள். வெளியே 6.2, நடுவே 5.6, உள்ளே 2.1 என்று வந்தால் என்ன சொல்வீர்கள்? வட்டத்தில் கைக்கு எட்டும் வேறு மூன்று இடங்களிலும் அப்படியே அளந்தால் ஒரு டயருக்கு 12 அளவுகள், காருக்கு 48. தேதியையும், கார் அதுவரை ஓடிய கி.மீ. எண்ணையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். 1000 கி.மீ. ஓடியபின் அதே காரை மறுபடி அளக்க அது தேவைப்படும்.